மெயின் பெட்டியும் மரியாதைக் குறைவும்

எங்கள் ஊரில் பாதுகாப்பு ஒரு ஏற்றுமதிச் சரக்கு. பனியனைப் போலத்தான் அதுவும். முதல் தரமானது கப்பலேறிப் போய்விடும். தையல் கோணியது, சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தது, ஒரு கை நீளம் மறுகை குட்டை என்று ஆனதெல்லாம் 'செகண்ட்ஸ்' என்று பெயர் வாங்கிக்கொண்டு எங்கள் உடம்புக்கு வரும். உலகத்துக்கே உடுப்பு தைத்துக் கொடுக்கிற திருப்பூர்க்காரர், தோள்பட்டையில் ஓட்டை விழுந்த பனியனோடு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பாதுகாப்பிலும் இதே வழக்கம்தான். கம்பெனியில் முதல் தரம், வீட்டில் செகண்ட்ஸ்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ், அதாவது எல்லாம் பாதுகாப்பு விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிறவள். வாங்குகிற நாட்டுக்காரர்கள் அனுப்பும் ஆடிட்டர் வருவதற்கு முன்னால் நானே ஒரு ஆடிட்டர் மாதிரி சுற்றிவந்து, எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். கரன்ட் பேனலுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டுக்குள் ஒரு நூல்கண்டு கூட இருக்கக் கூடாது. பெட்டிக்குள் பஞ்சு படியக் கூடாது. ஒயர் நுழைகிற ஓட்டையை அதற்கென்று விற்கிற வளையத்தைப் போட்டுத்தான் அடைக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் தொங்க வேண்டும். ஒருமுறை ஒரு சூப்பர்வைசர் தன் டிபன் கேரியரைப் பேனல் தலையில் வைத்துவிட்டார். அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தைக் கேன்டீனில் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மங்கலம் ரோட்டிலிருக்கும் வீட்டுக்கு வந்ததும், வாசலில் செருப்போடு சேர்த்துக் கம்ப்ளையன்ஸையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே நான் மருமகள். மருமகள் போடுகிற கோட்டை யாரும் மதித்து நடந்ததாக எங்கள் பக்கத்தில் வரலாறு இல்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் வீட்டுக்காரர், தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். ஊரான் பனியனில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சொந்த வீட்டில் என்ன ஓட்டை என்று கேட்டால் மேலே பார்ப்பார். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்து விவசாயம் பார்த்தவர். நான் மாமா என்று கூப்பிடுகிறவர் அவர்தான். மாமியாரை அத்தை என்பேன். அத்தைக்குக் கடவுள் பக்தியும் இடத்தை வீணாக்கக் கூடாது என்ற கொள்கையும் அதிகம்.

வீட்டைப் புதுப்பித்தபோது, ஹால் சுவரில் இருந்த பழைய இரும்பு மெயின் சுவிட்சைக் கழற்றிவிட்டு ஐசொலேட்டர் வைத்த புதுப் பெட்டி போட்டார்கள். ஐசொலேட்டர் என்பது வீட்டுக்குள் வருகிற மொத்தக் கரன்டையும் ஒரே கைப்பிடியில் வெட்டிவிடுகிற சுவிட்ச். பலர் நினைப்பது போல, ஆபத்து வந்தால் அது தானாக விழாது. அது எம்சிபி என்ற குட்டிச் சுவிட்சின் வேலை. ஆனால் ஒரு திருகு லூசாகி உள்ளுக்குள்ளேயே சூடாகிக்கொண்டிருந்தால், எம்சிபியும் தனக்கென்ன என்று சும்மா இருந்துவிடும். அப்போது யாராவது போய் ஐசொலேட்டரைக் கையால் திருப்ப வேண்டும். அதற்கு அந்தக் கை அதை எட்ட வேண்டும். விதி இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் யாரும் அதை மதிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

புதுப் பெட்டி போட்ட மறுவாரமே இன்டீரியர் வேலைக்கு வந்தவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "உள்ள வந்ததீமு கரன்ட் பெட்டி கண்ணுல பட்டா ஹாலோட லுக்கே போயிருமுங்க" என்றார். வீட்டுக்காரருக்கும் அப்போதுதான் அது அசிங்கம் என்று உறைத்தது. ஐசொலேட்டரை மறைத்து, பிளைவுட்டில் ஒரு அலமாரி எழும்பியது. வெளியே பளபளவென்று மைக்கா, கதவில் வெண்கலப் பிடி. எரியாத பெட்டிக்குள் வைக்க வேண்டிய சாமானை, எரிகிற பெட்டிக்குள் குடிவைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் சாமி அலமாரி அருமையாக இருக்கிறது என்றார்கள்.

அத்தை அதைக் கேட்டதும் அப்படியே ஆக்கிவிட்டார். அலமாரிக்குள் பெட்டி போக மீதி இடம் சும்மா கிடக்கிறதே என்று இரண்டு தட்டு அடிக்கச் சொன்னார். மேல்தட்டில் கற்பூரம், தீப்பெட்டி, விளக்குத் திரி. கீழ்த்தட்டில் நல்லெண்ணெய் பாட்டில்கள். மிச்சத்தில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். ஒரு வீட்டைக் கொளுத்துவதற்கு என்னென்ன வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால்கூட இவ்வளவு மறக்காமல் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டேன். ஐசொலேட்டரின் கைப்பிடி எண்ணெய் பாட்டில்களுக்குப் பின்னால், விளம்பரம் பிடிக்காத ஆள் மாதிரி ஒளிந்திருந்தது.

பனியன் வேஸ்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துணி வெட்டும்போது விழுகிற துண்டுகள்தான் அது. எங்கள் ஊரில் அது இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. வண்டி துடைக்க, தலையணைக்குள் திணிக்க, ஒழுகுகிற குழாயைக் கட்ட, ஆடுகிற கட்டிலுக்கு முட்டுக் கொடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒருநாள் பெட்டிக்குள் பல்லி புகுந்துவிட்டது. அதை விரட்டிய மாமா, ஒயர் நுழைகிற ஓட்டை ஒவ்வொன்றிலும் பனியன் வேஸ்ட்டை உருட்டி, விரலால் அழுத்தி, ஸ்குரூ டிரைவரால் குத்தி, சீராக அடைத்தார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார்.

"பாரம்மிணி. இனி ஒரு எறும்பு பூந்துருமா பாக்கறேன். சுத்தமான காட்டன்."

"மாமா, அது பத்திக்குமுங்களே" என்றேன்.

"அங்க யாரு அம்மிணி தீ வெக்கறா?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்கு வீட்டைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. மைக்கா எரிந்தால் வேறு மைக்கா ஒட்டிக்கொள்ளலாம். என் பயமெல்லாம் மாமாவைப் பற்றித்தான். லைட் கொஞ்சம் மினுக்கினால் போதும், வெறுங்காலோடு போய் அலமாரியைத் திறந்து, பாட்டில்களை ஒதுக்கி, பெட்டியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். மாடு சண்டித்தனம் செய்தால் தட்டுவாரே, அந்தத் தட்டு. "கொட்டற மழையில நனஞ்சுக்கிட்டே கெணத்து மோட்டாருக்குப் பீஸ் போட்டவன்" என்று பெருமை வேறு. கரன்டுக்கு அவரைத் தெரியும் என்று மனதார நம்பினார். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது இந்த மனிதர் அந்தப் பெட்டிக்கு முன்னால் விழுந்து கிடப்பார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகக் கூடாது என்று சொந்தபந்தமெல்லாம் ஒரே குரலில் சொன்னபோது, "படிச்ச புள்ள ஊட்டுல உக்காந்து என்ன பண்ணும், போகட்டும்" என்று ஒற்றை வரியில் முடித்துவைத்தவர் அவர். அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு. பிரியமுள்ளவரை எச்சரிப்பதுதான் எங்கள் தமிழில் கஷ்டம்.

ஏனென்றால் கொங்குத் தமிழில் பெரியவர்களிடம் பேசும் எல்லா வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' வால் உண்டு. "தொடாதே" என்பது நாகரிகமாகி, "தொட வேண்டாமுங்களே மாமா" என்று நீண்டு, கடைசியில் ஒரு விண்ணப்பமாகப் போய்ச் சேரும். விண்ணப்பத்துக்குப் பதிலும் மரியாதையாகவே வரும். "செரி அம்மிணி" என்பார். அடுத்த நாள் அதே இடத்தில் இன்னொரு எண்ணெய் பாட்டில் நிற்கும். எங்கள் வீட்டில் யாரும் எனக்கு 'முடியாது' என்று சொன்னதே இல்லை. எல்லாவற்றுக்கும் செரி என்று சொல்லித்தான் எதையும் செய்யாமல் இருந்தார்கள்.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் கம்பெனியிலிருந்து ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் கொண்டுவந்து அலமாரிக் கதவில் ஒட்டினேன். மஞ்சள் நிறம், மண்டை ஓடு, கீழே 'இங்கே பொருட்களை வைக்காதே' என்ற எழுத்து. மாமா அதை நின்று படித்தார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"பெரியவங்க இருக்கற ஊடு. 'வைக்காதே'ன்னு செவுத்துல எளுதி வெச்சா வந்தவங்க என்ன நெனப்பாங்க அம்மிணி?"

அத்தைக்கு மண்டை ஓட்டின் மீதுதான் ஆட்சேபணை. சாமி அலமாரியில் மண்டை ஓடா என்று கேட்டார். வீட்டுக்காரர் நடுநிலையாளர். "நம்ம ஊட்டுக்கு எந்த நாட்டுக்காரன் ஆடிட் வரப்போறான், எடுத்துரு" என்றார். நான் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, 'தயவுசெய்து பொருட்களை வைக்காதீர்கள்' என்று பேப்பரில் எழுதி ஒட்டினேன். மாமாவுக்கு அது பிடித்துப்போயிற்று. எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். அத்தை அந்தப் பேப்பரின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, கதவைத் திறந்து கற்பூர டப்பாவை உள்ளே வைத்தார்.

அடுத்த சில வாரங்களில் வீட்டில் மீன் கருகுகிற வாடை வர ஆரம்பித்தது. அதுவும் வெள்ளிக்கிழமையில். அத்தைக்கு இது யார் வேலை என்பதில் சந்தேகமே இல்லை. பக்கத்து நிட்டிங் கம்பெனியின் மேல்மாடியில் வடநாட்டுப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் மீன் சாப்பிடுகிறவர்கள் என்பது ஊருக்கே தெரியும். அத்தை ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்து, அவர்களுக்குப் புரியாத தமிழில், மிகுந்த மரியாதையோடு திட்டினார். அவர்களும் சிரித்துக் கும்பிட்டார்கள்.

கரன்ட் பெட்டிக்குள் இருக்கிற பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடைதான் வரும். எனக்கு அது தெரியும். கதவில் கை வைத்துப் பார்த்தேன், மைக்கா வெதுவெதுப்பாக இருந்தது. காதை ஒட்டினால் உள்ளே 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலைல மொத வேலையா வந்தர்றனுங்க" என்றார். தினமும் அதையே, அலுத்துக்கொள்ளாமல், ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னார். அவர் வராத நாளெல்லாம் அத்தை சாம்பிராணி போட்டு வாடையைச் சமாளித்தார். அலமாரிக் கதவைத் திறந்து உள்ளேயும் கொஞ்சம் புகை காட்டினார். வேறொரு எலக்ட்ரீசியனைப் பிடித்து, திங்கட்கிழமை வருவதாக அவரைச் சம்மதிக்க வைத்தேன். அதுவரை ஏசியும் ஹீட்டரும் போட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் செரி என்றார்கள்.

அதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. பொங்கலூரிலிருந்து மாமாவின் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். சொந்தத்தில் யார் யாருக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தார்கள் என்பதை எடைபோட்டுச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்த அக்கா வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்க ஏசி போடாமல் இருப்பது எப்படி? ஹாலில் ஒன்று, ரூமில் ஒன்று. அடுப்படியில் இன்டக்‌ஷன் ஸ்டவ். தொட்டி நிரம்ப மோட்டார். ஐசொலேட்டர் பெட்டி அன்றைக்கு எங்கள் விருந்தோம்பலின் மொத்தப் பாரத்தையும் ஒரு லூசான திருகில் தாங்கிக்கொண்டிருந்தது.

நான் ஒருமுறை, "மாமா, ஒரு ஏசியாவது நிறுத்திக்கலாமுங்களா" என்று கேட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். மாமா, "சாப்பிட்டு முடியட்டும் அம்மிணி" என்றார்.

ஹாலில் பாய் விரித்து இலை போட்டு, மட்டன் குழம்பு இரண்டாம் தடவை போய்க்கொண்டிருந்தது. குழம்பு சிந்தியதைத் துடைத்ததில் தரை ஈரமாக இருந்தது. நான் அடுப்படி வாசலில் அப்பளத் தட்டோடு நின்றேன். லைட் இரண்டு முறை மங்கி எரிந்தது. அலமாரியின் கதவிடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை கசிந்தது. அத்தை, "யாரு சாம்பிராணி போட்டா?" என்று கேட்டார். பரிமாறுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மாமா எழுந்து போய்ப் படாரென்று கதவைத் திறந்தார். உள்ளே மூச்சு முட்டிக் கிடந்த நெருப்புக்குக் காற்று கிடைத்தது. பனியன் வேஸ்ட் மூட்டை குப்பென்று பற்றியது. கற்பூரம் அதற்காகவே காத்திருந்தது. ஐசொலேட்டரின் கைப்பிடி எங்கோ அந்த ஜுவாலைக்குப் பின்னால் இருந்தது. யாருடைய கையும் அதை எட்டாது.

மாமா பின்வாங்கினார். பின்வாங்கிய வேகத்தில் திரும்பி, கை கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கினார். எவர்சில்வர் வாளி, நிறையத் தண்ணீர். வெறுங்கால், ஈரத் தரை, எதிரே எரிந்து உருகிக்கொண்டிருக்கிற மூன்று ஃபேஸ் கரன்ட். வாளியின் அடியில் ஒரு கை, பிடியில் ஒரு கை. வீசுவதற்கு இடுப்பை வளைத்துவிட்டார்.

கம்பெனியில் இந்தக் கட்டத்துக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். அப்போது படம் போட்டுக் காட்டியது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஊத்தாத! கீழ வெய்யி!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. பல்லடத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். நாயை விரட்டும்போதுகூட எங்கள் வீட்டில் 'ங்க' போட்டுத்தான் விரட்டுவார்கள் என்று கேலி செய்வதுண்டு. அந்த வாயால் மாமனாரை, விருந்தாளிகள் முன்னால், வா போ என்று பேசிவிட்டேன்.

மாமா அப்படியே நின்றார். வாளி பாதி உயரத்தில் நின்றது. அவருடைய அப்பா போன பிறகு அவரிடம் யாரும் அந்த மாதிரி பேசியிருக்க மாட்டார்கள். நெருப்பைப் பார்த்து நிற்காதவர் அந்தச் சொல்லைக் கேட்டு நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்து, வாளியைக் கீழே வைத்தார்.

"வெளிய போ! எல்லாரும் வெளிய போங்க!" என்று மறுபடி கத்தினேன். முதல் 'போ' அவருக்குத்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மாமா போனார். அத்தை அழுதுகொண்டே போனார். மாமாவின் அக்கா மட்டும் இலையில் கை வைத்தபடி, "சாப்பாட்டுல பாதியில எந்திரிக்கறது நல்லதில்லீங்களே" என்று யாரிடமோ அபிப்பிராயம் கேட்டார். அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்குள் வீட்டுக்காரர் பக்கத்து நிட்டிங் கம்பெனிக்கு ஓடி, அங்கே ஆடிட்டருக்காக மாட்டியிருந்த பவுடர் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். பின்னைப் பிடுங்கி, வாசல்படியில் நின்றபடி அடித்தார். வீடு முழுவதும் வெள்ளையாகிப் போனது. இலைகளில் மட்டன் குழம்பு இருந்த இடம்கூடத் தெரியவில்லை. போன் செய்ததும் வந்த லைன்மேன் கம்பத்தில் கரன்டை வெட்டிய பிறகுதான் நான் உட்கார்ந்தேன். மாமா உயிரோடு எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

தெருவில் கூட்டம் கூடியது. எங்கே ஆரம்பித்தது, யாருக்காவது காயமா என்று நான்கைந்து பேர் கேட்டார்கள். அது கொஞ்ச நேரம்தான். மாமாவின் அக்கா முந்தானையால் பவுடரைத் துடைத்தபடி அத்தையிடம் கேட்டார்: "ஏனுங்க, உங்க மருமக என்ற தம்பியப் பாத்து என்ன சொன்னா?"

அந்த நிமிடத்திலிருந்து தீவிபத்து இரண்டாம் பட்சமாகிவிட்டது. செய்தி எனக்கு முன்னால் பல்லடம் போய்ச் சேர்ந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே அம்மா போன் செய்தாள். நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பாள் என்று நினைத்தேன். "மாமனாரை 'ஊத்தாத'ன்னு சொன்னியாமா? நாங்க எப்படித் தலை நிமிந்து நடக்கறது?" என்றாள். தீ எரிந்துகொண்டிருந்தது என்றேன். "எரிஞ்சா என்ன, ஒரு 'ங்க' சேத்துச் சொல்ல எத்தன நேரமாகும்?" என்றாள். பொங்கலூரில் எங்கள் வளர்ப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்களாம். பல்லடத்துப் பக்கம் இப்படித்தான் பேசுவாங்களாங்க என்று. கேள்வியிலேயே மரியாதை வழிந்தது.

திங்கட்கிழமை எலக்ட்ரீசியன் சொன்னபடி வந்தார். எரிய வேண்டியது எரிந்த பிறகு எல்லோரும் நேரத்துக்கு வருகிறார்கள். கருகிய பெட்டியைப் பிரித்துக் காட்டினார். லூசான திருகு சூடேறி, ஒயர் நுழையும் ஓட்டையில் அடைத்திருந்த பனியன் வேஸ்ட் கனன்று, அங்கிருந்து பிளைவுட்டுக்குப் போயிருக்கிறது. மாமா தூரத்தில் நின்று பார்த்தார். ஓட்டையில் ஒட்டியிருந்த கரித்துணியை எலக்ட்ரீசியன் இடுக்கியால் இழுத்துப் போட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கே சொன்னேனே என்று கேட்க நாக்கு துடித்தது என்பது உண்மை. ஆனால் என் கணக்கில் ஏற்கெனவே ஒரு மரியாதைக் குறைவு இருந்தது.

இப்போது எங்கள் வீட்டு ஐசொலேட்டர் இரும்புப் பெட்டியில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி அம்மணமாக இருக்கிறது. அலமாரி இல்லை, தட்டு இல்லை, ஓட்டைக்கெல்லாம் வளையம். ஹாலின் லுக் போயே போய்விட்டது. அத்தை ஒருமுறை பெட்டியின் தலையில் ஒரு சின்ன மணிபிளான்ட் தொட்டியை வைத்துப் பார்த்தார். நான் எடுத்துவிட்டேன். "பச்ச செடி எரியாதே கண்ணு" என்றார். தண்ணீர் ஊற்றுவீர்களே அத்தை என்றேன், 'ங்க' போட்டு.

மாமா மட்டும் என்னோடு பேசவில்லை. கோபமாக முறைத்தால்கூடப் பரவாயில்லை. காபி வேண்டுமென்றால் அத்தையிடம் சொல்லுவார், அத்தை என்னிடம் சொல்லுவார். நான் வேலைக்குக் கிளம்பும்போது பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். எதற்கு என்று யோசித்தால் எரிச்சல்தான் வந்தது. உயிரோடு இருக்கிற ஒருவரிடம் போய், உங்களை உயிரோடு வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஆனாலும் அவர் பேசாதது எனக்கு வலித்தது. அந்த வீட்டில் எனக்காகப் பேசிய முதல் ஆள் அவர்.

வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்ததும், அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்களுக்கு முழுச் சாப்பாடு போட வேண்டும் என்று அத்தை மறுபடியும் விருந்து வைத்தார். மாமாவின் அக்கா வந்தார். நான் ரசத்தை எடுத்துக்கொண்டு பந்திக்கு வந்தபோது, அவர் இலையைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"ஆயிரம் இருக்கட்டும் தம்பி. நெருப்பே புடிச்சிருந்தாலும், பெரியவங்கள அப்படி ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது. நாலு பேரு முன்னால. நானா இருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன்."

வீட்டுக்காரர் பொரியலை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் ரசக் கரண்டியோடு மாமாவின் இலைக்கு முன்னால் குனிந்து நின்றேன். நிமிரவும் முடியவில்லை, ஊற்றவும் முடியவில்லை. மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"ஊத்தாதீங்கன்னுதான் அம்மிணி சொல்லியிருக்கோணும். செரிதானுங்கக்கா. ஆனா அந்த 'ங்க' வந்து சேர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்திருப்பனுங்க."

அக்கா தன் இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்தார். மாமா சோற்றில் குழி செய்துவிட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரசத்தில் பாதியை இலைக்கு வெளியே ஊற்றினேன்.